டிசெம்பரில் நிலாவெளிக்குப் போகலாமா?

டிசெம்பர் கடைசி வாரம், பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில், சென்னையிலிருந்து ஐந்து நாள் பயணம். ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபதை நெருங்கும் அப்பா, அம்மா. திருகோணமலை நிலாவெளியில் கடலைப் பார்த்த விடுதி ஒன்று வழக்கமான வாடகையில் பாதிக்குக் கிடைக்கிறது, உடனே பதிந்துவிடலாமா, அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கும் இடங்களை யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் கேள்வியின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பிள்ளைகள் இதுவரை கடலில் இறங்கிக் குளித்ததே இல்லை, அதற்காகத்தான் இந்தப் பயணம் என்று. உண்மையான கேள்வி அதுதான். டிசெம்பரில் நிலாவெளிக் கடலில் பிள்ளைகளைக் குளிக்க விட முடியாது. அறை பாதி விலைக்குக் கிடைப்பதற்கும் அதுவே காரணம்.

நான் நிலாவெளிக்குப் பக்கத்து ஊரான உப்புவெளியில் பதினாறு வருடமாக எட்டு அறைகள் கொண்ட சிறிய விடுதி நடத்துகிறேன். அதற்கு முன் மாமாவின் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறாமலைத் தீவுகளுக்குப் போய்வந்தவன். உயிர்காப்புப் பயிற்சியும் முறையாக எடுத்திருக்கிறேன். ஆகவே கடலையும் கரையையும் பற்றி நான் சொல்வதை நம்பி நீங்கள் முடிவெடுக்கலாம். விசா, நுழைவுக் கட்டணம் போன்றவை அடிக்கடி மாறுகிறவை. அவற்றைப் பயணச்சீட்டு எடுக்கும் அன்றே அரசாங்க இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா இதயத்துக்கு மருந்து எடுக்கிறார் என்கிறீர்கள். அவர் எவ்வளவு நடக்கலாம், வெயிலில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டு வாருங்கள்.

இலங்கை சின்னத் தீவுதான். ஆனாலும் அதன் கிழக்குக் கரையும் தென்மேற்குக் கரையும் ஒரே நேரத்தில் அமைதியாக இருப்பதில்லை, முறை வைத்து மாறிக்கொள்கின்றன. ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை எங்களுக்கு வாடைக் காலம். வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்கக் கடல் முழுவதையும் கடந்து நேராக எங்கள் கரையில் வந்து மோதுகிறது. காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் கடல்மேல் ஓடிவருகிறதோ அந்த அளவுக்கு அலையும் பெருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. அது மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி, தரை வழியாக எங்களிடம் வருகிறது. அதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத் தண்ணீரில் அலை எழும்பாது. ஜூன் மாதக் காலையில் நிலாவெளியில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றால் கால்விரல் நகம் தெரியும். அதே நாளில் தெற்குப் பக்கம் ஹிக்கடுவையிலும் மிரிசையிலும் சிவப்புக் கொடி பறந்துகொண்டிருக்கும்.

டிசெம்பர் எப்படி இருக்கும் என்று நீங்கள் இங்கே வந்துதான் பார்க்க வேண்டும் என்பதில்லை. அந்த மாதத்தில் மெரினாவில் அலை எப்படி அடிக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே கடல், அதே வாடை. எங்கள் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவில்தான் பெய்கிறது. புயலும் அந்தக் காலத்தில்தான். 1978 நவம்பரில் மட்டக்களப்பை உருக்குலைத்த சூறாவளியை எங்கள் பெரியவர்கள் இன்னும் கதைப்பார்கள். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. நீங்கள் வரும் ஐந்து நாளும் மழையாகவே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அதை இவ்வளவு முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாள் மழை, மூன்று நாள் பளிச்சென்ற வெயில் என்றுகூட அமையலாம்.

அந்த வெயில் நாளுக்குத்தான் நான் பயப்படுகிறேன். மழை விட்டு வானம் நீலமாகிவிடும், பிள்ளைகள் அறைக்குள் அடைந்து கிடந்து சலித்திருப்பார்கள், கடல் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஆனால் வானம் வெளுத்தாலும் அலை அடங்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அந்த நாட்களில் கரையோர மணலின் அமைப்பே வேறு. அலைகள் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் தேடும். அந்த வாய்க்காலில் நின்றவரை அது கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் உடையாமல், கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். கடல் பழகாதவர்கள் அதைத்தான் அமைதியான இடம் என்று நினைத்து இறங்குவார்கள். தப்பித் தவறி மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது. மிதந்துகொண்டு, கையை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். நீச்சல் தெரிந்த பெரியவருக்குச் சொல்லக்கூடிய வழி இது. ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்த வழியும் இல்லை, இறங்காமல் இருப்பதைத் தவிர.

சரி, டிசெம்பர் விடுமுறையை மாற்ற முடியாது என்றால்? ஊரை மாற்றுங்கள். கொழும்பில் இறங்கி வடகிழக்கே திரும்பாமல் தெற்கே போங்கள். டிசெம்பர் முதல் மார்ச் வரை பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன பக்கம் கடல் நல்ல நிலையில் இருக்கும். உனவட்டுன ஒரு வளைந்த குடா, பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஏற்றது. பக்கத்திலேயே காலி நகரத்தின் கோட்டை இருக்கிறது. ஆனால் அது அவர்களின் உச்சப் பருவம், பாதி விலை என்ற பேச்சே இருக்காது. நாடு தாண்ட வேண்டாம் என்றால் கோவளம் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள அந்தக் கரையும் மேற்கு முகம் பார்த்தது என்பதால் டிசெம்பர், ஜனவரியில் அதற்கு நல்ல காலம். மாமல்லபுரமும் புதுச்சேரியும் எங்களைப் போலவே வாடைக்கு முகம் கொடுக்கிற கரைகள். அங்கே அந்த மாதத்தில் நடக்கலாம், காற்று வாங்கலாம், குளிக்க வேண்டாம்.

நிலாவெளிதான் வேண்டும் என்றால் மாதத்தை மாற்றுங்கள். நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு நல்ல விஷயம் இதில் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு முழு ஆண்டு விடுமுறை விடும் மே மாதம்தான் எங்கள் கடல் தெளியும் மாதம். ஏப்ரலிலும் கடல் பெரும்பாலும் அமைதிதான், ஆனால் பின்னேரங்களில் இடியோடு மழை வரலாம். சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் உள்ளூர்க் கூட்டமும் அதிகம். மேயும் ஜூனும் நல்லவை. ஜூலையும் ஓகஸ்டும் கடலுக்கு மிக நல்லவை, வெயிலுக்கும் கூட்டத்துக்கும் கொஞ்சம் கடினமானவை. ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் போயா விடுமுறை நாள். அது வெள்ளி அல்லது திங்களில் விழுந்தால் நாடே கடற்கரைக்கு வரும், அறை வாடகையும் ஏறும். நாள் குறிக்கும்போது நாட்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு நிலாவெளியா, உப்புவெளியா? என் விடுதி உப்புவெளியில் இருப்பதால் நான் ஒரு பக்கம் சாய்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம், ஆகவே காரணத்தையும் சொல்கிறேன். உப்புவெளி நகரத்திலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவில்தான். சாப்பாட்டுக் கடைகள், மருந்துக்கடை, பொது மருத்துவமனை, கோவில் எல்லாம் ஓட்டோவில் கொஞ்ச நேரத்தில் எட்டும் தூரம். நிலாவெளி அதற்கும் வடக்கே பத்துக் கிலோமீற்றர் போல. கரை அகலம், ஆள் குறைவு, மணல் சுத்தம், ஆனால் இரவில் விடுதிச் சாப்பாட்டை விட்டால் வேறு வழி குறைவு. இளம் தம்பதிகள் கேட்டால் நிலாவெளி என்பேன். உங்களைப் போல மூன்று தலைமுறையாக வருகிறவர்களுக்கு உப்புவெளி வசதி. அம்மா சைவம் என்றால் இன்னும் அப்படித்தான், நகரத்தில் நல்ல சைவக் கடைகள் இருக்கின்றன. எங்கே தங்கினாலும் பெரியவர்களுக்குத் தரைத்தளத்தில் அறை கேளுங்கள். மணலில் நடந்து களைத்த முழங்காலோடு மாடி ஏறுவது அவர்களுக்குப் பெரிய வேலை.

ஐந்து நாள் என்று நீங்கள் எண்ணுவதில் கடலுக்குக் கிடைப்பது மூன்று நாள்தான். கொழும்பிலிருந்து திருகோணமலை 260 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், வேனில் போக ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஹபரணையைத் தாண்ட வேண்டும், அந்தப் பக்கம் காட்டு யானைகள் ரோட்டுக்கு வரும். ஆகவே இரவுப் பயணம் வேண்டாம். விமானம் மாலையில் இறங்கினால் அன்று கொழும்பிலோ நீர்கொழும்பிலோ தங்கிவிட்டு, விடிந்ததும் புறப்படுங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கும் விமானம் இருக்கிறது. அங்கிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வரலாம். ஜூலை, ஓகஸ்டில் வருகிறவர்கள் நல்லூர்த் திருவிழாவையும் சேர்த்துக்கொண்டு இந்த வழியாக வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்பா அம்மாவுக்கு அது பிடிக்கும்.

இனி நல்ல பருவத்துக்கே உரிய ஒரு ஆபத்து. இதை எந்த விளம்பரமும் சொல்லாது, ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது என்றேன் அல்லவா? அலை இல்லாமல் இருப்பதற்கு அதுதான் காரணம், ஆபத்துக்கும் அதுதான் காரணம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை நாள், பத்து மணி இருக்கும். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் காற்றடைத்த வாத்து மிதவையில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரி. அப்பா இடுப்பளவு தண்ணீரில் பக்கத்தில்தான் நின்றார், போனை எடுத்துப் படம் பிடிக்க இரண்டு அடி பின்னால் போனார். அந்த நேரத்தில் ஒரு காற்று. மிதவை வழுக்கிக்கொண்டு போனது. அவர் எட்டிப் பிடிக்கப் போக, தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது, அவருக்கு நீச்சல் தெரியாது. பையன் முதலில் சிரித்துக்கொண்டே கை காட்டினான். நாங்கள் படகைத் தள்ளி, இயந்திரத்தை முடுக்கிப் போய்ச் சேர்வதற்குள் அவன் கரையிலிருந்து முந்நூறு மீற்றராவது போயிருப்பான். மிதவையின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தான். குதிக்காமல் பிடித்துக்கொண்டு இருந்ததால் பிழைத்தான்.

அதனால் காற்றடைத்த வாத்து, வளையம், மெத்தை எதையும் கொண்டுவராதீர்கள். நீச்சல் குளத்துக்கு அவை சரி, கச்சான் அடிக்கும் கடலுக்குச் சரியில்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளையின் எடைக்குப் பொருந்துகிற, இடுப்பில் வார் கட்டுகிற உயிர்காப்பு அங்கியைச் சென்னையிலேயே வாங்கி வாருங்கள். இங்கே படகுகளில் கொடுப்பவை பெரும்பாலும் பெரியவர்கள் அளவு, சிறு பிள்ளையின் தோளிலிருந்து நழுவி மேலே போய்விடும். தண்ணீரில் பிள்ளை எப்போதும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பார்த்துக்கொள்ளும் பெரியவர் கையில் போன் இருக்கக்கூடாது. எல்லாக் கரையிலும் உயிர்காப்பாளர் இருக்கமாட்டார். இருக்கிற இடத்தில் அவர் நிற்கும் பக்கமாகவே குளியுங்கள்.

குளிக்கும் நேரம் காலை ஆறு முதல் ஒன்பது, பிறகு பின்னேரம் நாலுக்கு மேல். எங்களுக்குச் சூரியன் கடலில் உதித்துத் தரையில் மறைகிறது, அதனால் பின்னேரம் தென்னைகளின் நிழல் மணலில் விழும். ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நண்பகலில் எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும். சென்னை வெயில் பழகியவர்கள்தானே என்று நினைக்காதீர்கள். சென்னையில் நண்பகலில் யாரும் சட்டையில்லாமல் இரண்டு மணி நேரம் தண்ணீரில் நிற்பதில்லை. பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். சில நாள் சொறிமுட்டை (ஜெல்லி மீன்) வரும். பட்டுவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றவோ மணலால் தேய்க்கவோ வேண்டாம், கடல்நீரால் கழுவுங்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

புறாமலை பற்றிப் பத்து வயது மகள் கேட்டாள் என்கிறீர்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் உள்ள இரண்டு சின்னத் தீவுகள் அவை, மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் பவளப்பாறைகள், வண்ண மீன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் துடுப்பின் நுனி கறுத்த சிறிய சுறாக்கள். அவை மனிதரைக் கண்டு விலகிப் போகிறவை, துரத்தாமல் இருந்தால் போதும். பவளம் பல இடங்களில் செத்து வெளுத்துக் கிடக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கடல் சூடானதும் ஒரு காரணம், மேலே ஏறி நின்ற கால்களும் ஒரு காரணம். பாறை மாதிரித் தெரிவது உயிருள்ளது, விரல் நீள வளரப் பல வருடம் எடுப்பது என்று மகளுக்கு முதலே சொல்லிக் கூட்டிப் போங்கள். கால் வைக்க வேண்டுமென்றால் மணலில் மட்டும். முதல் படகில், காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். ஒன்பதுக்கு மேல் கூட்டத்தால் தண்ணீர் கலங்கிவிடும். நுழைவுக் கட்டணமும் படகு வாடகையும் வேறு வேறு என்பதால் மொத்தம் எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். சின்னவன் கரையில் தாத்தா பாட்டியோடு இருக்கட்டும்.

திமிங்கிலம் பார்க்கும் படகு உங்களுக்கு வேண்டாம் என்பேன். மார்ச் முதல் ஓகஸ்ட் வரை நீலத் திமிங்கிலங்களைக் காண்கிறார்கள், உண்மைதான். ஆனால் காணாமலே திரும்புகிற நாளும் உண்டு. சிறிய படகில் மூன்று நாலு மணி நேர ஆட்டம் இதய மருந்து எடுப்பவருக்கும் ஆறு வயதுக்காரனுக்கும் ஏற்றதில்லை. அலையே இல்லாத தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு நாள் மார்பிள் கடற்கரைக்குப் போங்கள். விமானப்படை பராமரிக்கிற இடம், குடாவுக்கு உள்ளே ஒதுங்கி இருப்பதால் சின்னவன் பயமில்லாமல் கால் நனைக்கலாம். இன்னும் இரண்டு நாள் கையில் இருந்தால் மட்டக்களப்புப் பக்கம் உள்ள பாசிக்குடா. கரையிலிருந்து வெகுதூரம் நடந்தும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத குடா அது. முதல்முதலாகக் கடலில் இறங்கும் பிள்ளைக்கு இந்தத் தீவில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்பா அம்மாவுக்குக் கோணேசர் கோவில் ஒன்றே போதும். சம்பந்தர் பாடிய தலம். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோவில், பின்னால் அதே மலையுச்சியில் மீண்டும் எழுந்தது. பிரெட்ரிக் கோட்டைக்குள் புகுந்து போக வேண்டும், புள்ளிமான்கள் பாதை ஓரத்தில் படுத்திருக்கும். அடிவாரம் வரை ஓட்டோ போகும், அதற்குப் பிறகு ஏற்றம். மாலைப் பூசைக்குப் போனால் வெயிலும் இருக்காது, மலைக்குக் கீழே கடலும் பார்க்கலாம். கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியால் மொண்டு ஊற்றிக் குளிப்பது. இது மட்டும் டிசெம்பரிலும் முடியும்.

அப்புறம், ஒரு நாள் காலையிலாவது பிள்ளைகளை எழுப்பிக் கரைவலை இழுப்பதைக் காட்டுங்கள். விடியும்போது படகு வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு வந்துவிடும். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றை இடுப்பில் கொடுத்து, பின்னால் சாய்ந்து, ஒரே அடியாகக் கால் வைத்து இழுப்பார்கள். முன்பெல்லாம் அம்பாப் பாட்டு பாடியே இழுத்தார்கள், இப்போதும் வயதான ஒருவர் இருந்தால் குரல் எழும்பும். வலையின் மடி கரைக்கு வரும்போது சூடை மீனும் கீரி மீனும் வெள்ளிக் காசு கொட்டின மாதிரித் துள்ளும். கேட்டால் பிள்ளைகளையும் கயிறு பிடிக்க விடுவார்கள். ஒன்றே ஒன்று, கயிறு தண்ணீருக்குள் போயிருக்கும் நேரத்தில் இரண்டு கயிறுகளுக்கு நடுவில் குளிக்க வேண்டாம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது, அந்தப் பாதி விலைப் பதிவில் பணம் கட்டியிருந்தால் எந்தத் திகதி வரை இலவசமாக விலக்கிக்கொள்ளலாம் என்று பாருங்கள். பிறகு அதே விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, அந்தக் கட்டணத்தை மே மாதத்துக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். வாடைக் காலத்தில் அறைகள் காலியாகக் கிடப்பதால் பலர் ஒத்துக்கொள்வார்கள். பேசும்போது மூன்று விஷயம் விசாரியுங்கள்: தரைத்தள அறை உண்டா, அறையிலிருந்து கரைக்குப் போகப் படி இருக்கிறதா, காலை ஆறு மணிக்குக் கரையில் அவர்களுடைய ஆள் யாராவது இருப்பாரா. மூன்றாவதற்கு அவர்கள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள், விடுதியைப் பற்றி அதை வைத்து என்னால் சொல்ல முடியும்.